பதினான்கு ஃபோல்டருக்கு ஒரு கிடங்கு

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர், சர்வர்களை உருவாக்கும் பில்ட் மெஷினில் கிடந்த பழைய கோப்புகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்களாம். ஒரு கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம். அதற்கு மேலே என் பெயரில் ஒரு குறிப்பு: ‘இந்தப் பாதையை மாற்ற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஓட்டம். நல்லம்மாள்.’ அதைப் படம் எடுத்து அனுப்பி, “அக்கா, இது எதுக்குங்க? எடுத்தரலாமுங்களா?” என்று கேட்டிருந்தார்கள்.

எடுக்கலாம் என்று தட்டினேன். உடனே அழித்துவிட்டு, வேண்டாம் என்று தட்டினேன். அதையும் அழித்தேன். அந்த வரி எதற்கு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குறிப்பை நான் எழுதக் காரணமான நாளில் என்ன நடந்தது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. மிளகு பறிக்கும்போதும் அதே யோசனை. சரி, தெரிந்தவரைக்கும் எழுதி அனுப்புவோம், அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்து வேலைக்கு வந்த கதையில் சொல்ல அதிகமில்லை. மலைமேல், சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்துச் சிற்றூர். அப்பாவுக்குச் சாமையும் மரவள்ளியும். உண்டு உறைவிடப் பள்ளி, பிறகு சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா, பிறகு பல வருடம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தரவு உள்ளிடும் வேலை. நாமக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அங்கே ஏசி அறையில் நான்கு சர்வர்கள் இருந்தன. தொட்டால் சூடு தெரியும். சில வருடங்களில் அவையும் போய்விட்டன. எல்லாம் கிளவுட் என்றார்கள். “சர்வர் இப்ப எங்க இருக்குது?” என்று என் கணவர் பெரியசாமி கேட்டார். எங்கேயோ என்றேன். “எங்கேயோன்னா?” என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

கிளவுட்டில் சர்வர் வேண்டுமென்றால் யாரும் எதையும் தூக்கி வைப்பதில்லை. என்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதுகிறோம். ஒரு கருவி அதைப் படித்து, அங்கே உருவாக்கித் தருகிறது. அந்தக் கருவி தனியாக வேலை செய்யாது. ஒவ்வொரு கிளவுட்டோடும் பேசுவதற்கு ஒரு துணைப் பேக்கேஜ் வேண்டும். ஒரு பேக்கேஜ் நானூறு எம்.பி.க்குப் பக்கத்தில் வரும். எங்கள் வேலை பதினான்கு ஃபோல்டர்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் வேலையைத் தொடங்கும்போது, கருவி அதே பேக்கேஜைப் புதிதாக இறக்கி, அந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பக்கத்து ஃபோல்டரில் அதே சாமான் கிடக்கிறதே என்று பார்க்காது.

நாமக்கல்லில் இருந்தவரை இது எனக்கு உறைக்கவில்லை. ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், நான் மலையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து. மற்றவர்கள் திரும்பி அலுவலகம் போனபோது, என் மாமியார் படுக்கையில் இருந்ததால் நான் மலையிலேயே இருந்துகொள்ள அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்தவர் எங்கள் குழுத் தலைவி ஜமீலா மேடம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்துக்காரர். கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், அதனால் என்னை அக்கா என்பார். நான் அவரை மேடம் என்பேன். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் ‘யார் செஞ்சது’ என்று கேட்கவே மாட்டார். ‘எப்ப நடந்துச்சு’ என்றுதான் கேட்பார். நேரம் தெரிந்தால் மற்றது தானே தெரியும் என்பது அவர் கணக்கு. மேசையில் ஒரு நீண்ட நோட்டு இருக்கும். முக்கியமான வேலை என்றால் ஒருவர் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விரல் விசைக்குப் போகலாம். போன நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். பழுது பார்க்கும்போது இன்னொரு விதி: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றக் கூடாது. “ரெண்டையும் மாத்திட்டா, எது வேலை செஞ்சுதுன்னு ஆயுசுக்கும் தெரியாதுங்க அக்கா” என்பார்.

மலையில் எனக்கு இருந்தது மொபைல் டேட்டா மட்டும்தான். மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். பதினான்கு ஃபோல்டருக்கும் பேக்கேஜ் இறங்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும். நான் தொடங்கிவிட்டு, மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் ஐந்தாவது ஃபோல்டரில் அறுந்து நிற்கும். ஒருநாள் மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“கருவி இறக்குன பேக்கேஜை ஒரே எடத்துல வெச்சுக்கச் சொல்லலாமாம் மேடம். கேஷ் ஃபோல்டர்ன்னு போட்டிருக்குது. மொத தடவை மட்டும் இறக்கும். அப்புறம் அங்கிருந்தே எடுத்துக்கும்.”

“செய்யலாமுங்க. எங்க வெக்கப் போறீங்க?”

எங்கே வைத்தால் என்ன, ஒரு ஃபோல்டர்தானே என்று நினைத்தேன். முதலில் விண்டோஸின் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில் வைத்தேன். நான்கு நாள் கழித்து இடம் போதவில்லை என்று லேப்டாப் தானே சுத்தம் செய்தது, அத்தனையும் போயிற்று. அடுத்து என் ஆவணங்கள் ஃபோல்டருக்குள் வைத்தேன். அந்த ஃபோல்டர் தானாக இணையத்தில் நகல் ஏறும்படி அமைக்கப்பட்டிருந்ததை மறந்துவிட்டேன். இறக்கவே வழியில்லாத அந்த நெட்வொர்க்கில், லேப்டாப் என் பேக்கேஜ்களை மேலே ஏற்றத் தொடங்கியது. அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்த பிறகுதான் புரிந்தது.

மூன்றாவதாக, டி டிரைவில் தனியாக ஓர் இடம். அப்போதும் ஓடவில்லை. கருவி படிக்கும் கோப்பில் ஃபோல்டரின் பாதையை எழுதும்போது விண்டோஸ் வழக்கப்படி சாய்கோடு போட்டிருந்தேன். அந்தக் கோப்பில் கோடு மறுபக்கம் சாய வேண்டுமாம். அதையும் மாற்றினேன். அப்போதும் இல்லை. அரை நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: அந்த ஃபோல்டரைக் கருவி தானே உருவாக்காது. நாம் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். உருவாக்கினேன். பதினான்கு ஃபோல்டரும், ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தன. நான் கையைத் தட்டிவிட்டேன். “கேஷ் கெடச்சிருச்சு” என்றேன். “யாரு குடுத்தாங்க?” என்று கேட்டபடி பெரியசாமி உள்ளே வந்தார்.

இதே ஏற்பாட்டை, கேஷ் ஃபோல்டரின் பாதையை ஒரே வரியில் எழுதி, நாமக்கல் அலுவலகத்துப் பில்ட் மெஷினிலும் செய்தேன். அது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மெஷின். அங்கிருந்துதான் உண்மையான சர்வர்களை உருவாக்குவோம். முன்பு ஐம்பது நிமிடம் ஆன வேலை எட்டு நிமிடத்தில் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஜமீலா மேடம் மட்டும் கருவியின் விளக்கக் குறிப்பைக் கடைசிவரை படித்துவிட்டு வந்து ஒரு வரியைக் காட்டினார். ஒரே கேஷ் ஃபோல்டரை ஒரே நேரத்தில் கருவியின் இரண்டு ஓட்டங்கள் பயன்படுத்தினால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஒன்று எழுதும்போது மற்றொன்று படித்தால் பேக்கேஜ் கெட்டுப்போகலாம்.

“ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. எவ்வளவு அவசரம்னாலும்” என்றார். செல்வமணி தலையாட்டி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

செல்வமணி எங்கள் குழுவில் மூன்றாவது ஆள். முப்பது வயது, அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எருமப்பட்டிப் பக்கம். கைவேகம் அதிகம், ஆனால் பொறுப்பானவர். எனக்குத் தம்பி மாதிரி. நான் மலையிலிருந்து பில்ட் மெஷினுக்குள் நுழையும்போது என் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்ளும். அதனால் அவருடைய கணக்கிலேயே நானும் நுழைவேன். தவறுதான். மேடத்துக்கும் தெரியும். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஓர் அறக்கட்டளை நாமக்கல், ராசிபுரம் உட்பட மூன்று ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்திவந்தது. எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த இயந்திரம், என்ன மருந்து என்ற பட்டியல் முழுக்க எங்கள் சர்வரில் இருந்தது. அந்தச் சர்வர்கள் பழசாகித் தடுமாற ஆரம்பித்திருந்தன. ஞாயிறு மையங்களுக்கு விடுமுறை. அன்று காலை புதிய சர்வர்களை உருவாக்கி, பட்டியலை அவற்றுக்கு மாற்றி, திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் நோயாளி வருவதற்குள் தயாராக வைக்க வேண்டும். எங்கள் மேல் நிர்வாகமாக இருந்த பெங்களூர் கம்பெனி பழைய சர்வர்களை ஞாயிறு மாலை அணைப்பதற்கு ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டது.

மேடமும் செல்வமணியும் நாமக்கல்லில். நான் மலையில். போனில் மூவரும் இணைந்திருந்தோம். பில்ட் மெஷினுக்கு ஒரு இணையப் பக்கம் உண்டு. அதில் ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான். அதை ஒரு முறை அழுத்தினால் ஓர் ஓட்டம் தொடங்கும். நான் அழுத்த வேண்டும், செல்வமணி பார்த்து நேரத்தை எழுத வேண்டும் என்று பேச்சு.

“தொடங்கு, ஒரு முறை” என்றேன்.

“தொடங்கு, ஒரு முறை” என்று செல்வமணி திருப்பிச் சொன்னார்.

அழுத்தினேன். ஏழு நாற்பது. அது நோட்டில் இருக்கிறது.

அடுத்த நிமிடம் மழை பிடித்தது. போன் அறுந்தது. என் திரையில் பக்கம் பாதி வெள்ளையாக நின்றது. பொத்தான் தெரிந்தது, ஆனால் ஓட்டம் தொடங்கியதற்கான அடையாளம் இல்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். இந்த இடத்தில்தான் என் நினைவு குழம்புகிறது. மறுபடி அழுத்தினேனா? என் விரல் மவுஸ் மேல் இருந்தது நினைவிருக்கிறது. அது நின்றதா, அழுத்தியதா என்பது இல்லை. பல தடவை கண்ணை மூடி அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அழுத்துகிறேன். ஒரு தடவை அழுத்தாமல் திரும்புகிறேன். இரண்டுமே நிஜம் மாதிரி இருக்கிறது.

அதே நேரம் நாமக்கல்லில், ஜமீலா மேடம் அறக்கட்டளைக்காரர்களிடம் பேச வராந்தாவுக்குப் போயிருந்தார். செல்வமணி தனியாக இருந்தார். அவர் திரையிலும் அதே பக்கம், அதே பொத்தான்.

லைன் வந்தபோது செல்வமணியின் குரல் மாறியிருந்தது. “அக்கா, எல்லாம் செவப்பா நிக்குதுங்க. பதினாலும் விழுந்துருச்சு.”

பிழைச் செய்தி ஒன்றுதான்: பேக்கேஜின் அடையாள எண் சரிபார்ப்புப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. கருவி ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் அடையாள எண்ணைப் பட்டியலில் குறித்து வைக்கும். அடுத்த முறை வேறு ஏதோ வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஓர் அடி நகராது.

ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இரண்டு ஓட்டங்கள் ஒன்றாகக் கேஷில் கைவைத்து பேக்கேஜைக் கெடுத்திருக்கலாம். ஓட்டப் பதிவில் இரண்டு தொடக்கங்கள் இருந்தன: ஏழு நாற்பது, ஏழு நாற்பத்து மூன்று. இரண்டிலும் செல்வமணி கணக்கின் பெயர். இன்னொன்று, அந்த எண் பட்டியலை முந்தின நாள் நான் என் விண்டோஸ் லேப்டாப்பில், கேஷ் வழியாகத் தயாரித்திருந்தேன். அப்படித் தயாரித்தால் விண்டோஸ் பேக்கேஜின் எண் மட்டுமே பதியும். லினக்ஸுக்கான எண்ணைத் தனிக் கட்டளை போட்டுச் சேர்க்க வேண்டும். எப்போதும் சேர்ப்பேன். முந்தின நாள் சேர்த்தேனா? மாமியாருக்கு அன்று காய்ச்சல். சேர்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் பேசி முடிப்பதற்குள் டவர் முழுக்கப் போய்விட்டது. எண் பட்டியலைப் போடும் வேலை என்னுடையது, நான் லைனில் இருந்தாக வேண்டும். பெரியசாமி பைக்கை எடுத்தார். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனேன். ஞாயிறு என்பதால் சந்தைக் கூட்டம், டூரிஸ்ட் வண்டிகள். அன்னாசிப் பழக் கடையின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், பெட்டி மேல் லேப்டாப்பை வைத்தேன். சிக்னல் இரண்டு கோடு.

அங்கேதான் மாரண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்தான். வாரம் மூன்று நாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி நாமக்கல் டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறவர். வீங்கிய காலோடு மெதுவாக வந்து நின்றார்.

“ஏங் கண்ணு, மழையில இங்க உக்காந்திருக்கற?”

“ஆபீஸ் வேலைங்கண்ணா.”

“கம்ப்யூட்டர் மாத்தறாங்களாம், நாளைக்கு வேற நேரம் வந்தாலும் வரும்னு அங்க நர்ஸம்மா சொல்லுச்சு. நீ அதுலதான் இருக்கற? நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போலாமில்ல சாமி?”

“போங்கண்ணா, போலாம்” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் போகவில்லை. மழை விடட்டும் என்று அங்கேயே ஒரு பெட்டியில் உட்கார்ந்துகொண்டார்.

மேடம் லைனில் வந்தார். அவர் குரலில் அவசரமே இல்லை. “அக்கா, மொதல்ல எண் பட்டியல் மட்டும் புதுசாப் போடுங்க. கேஷைத் தொடாதீங்க. ஓட்டிப் பார்க்கலாம். சரியாகலைன்னா அப்புறம் கேஷைக் காலி பண்ணலாம். ஒண்ணு மட்டும்.”

“எண் பட்டியல் மட்டும்” என்று திருப்பிச் சொன்னேன்.

சொன்னேன். ஆனால் செய்தது வேறு. புதுப் பட்டியலைப் பழையதன் மேலேயே எழுதினேன். பழையதற்கு ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. அடுத்த விநாடி பில்ட் மெஷினின் கேஷ் ஃபோல்டரையும் காலி செய்தேன். சிக்னல் எந்நேரமும் போகும், இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது என்று தோன்றியது. பக்கத்தில் மாரண்ணன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதைச் சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கு, ஒரு முறை. இந்தத் தடவை மேடமே நோட்டில் எழுதினார். முதல் ஃபோல்டர் மெதுவாக இறங்கியது, பச்சை. இரண்டாவது, பச்சை. பதினான்காவது முடியும்போது மதியம் ஒன்றேகால். நோயாளிகள் பட்டியல் புதிய சர்வருக்கு மாறியது. செல்வமணி அங்கே விசில் அடித்தது எனக்குக் கேட்டது.

ஜமீலா மேடம் கேட்டார்: “எண் பட்டியல் மாத்துனது மட்டும்தானுங்களே அக்கா?”

“இல்லீங்க மேடம். கேஷையும் காலி பண்ணிட்டேன்.”

“சரிங்க. சாப்பிட்டீங்களா?” என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாரண்ணன் முதல் பஸ்ஸில் போனார், சாயங்காலம் வந்தார். நோயாளிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, இயந்திரம் இருந்தது. அவரைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

பெங்களூர் கம்பெனிக்கு அது போதவில்லை. ஐந்தரை மணிநேரத் தாமதத்துக்கு என்ன காரணம் என்று அறிக்கை கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க மேடம் சோதனை செய்தார். வேண்டுமென்றே இரண்டு ஓட்டங்களை ஒன்றாகத் தொடங்கிப் பார்த்தார். பத்து முறை செய்ததில் மூன்று முறை கேஷ் கெட்டது, ஏழு முறை எதுவும் ஆகவில்லை. அடுத்து, லினக்ஸ் எண் இல்லாத ஒரு பட்டியலைத் தயாரித்து ஓட்டினார். ஒவ்வொரு முறையும் விழுந்தது. பிழைச் செய்தி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அன்றைய பட்டியலில் லினக்ஸ் எண் இருந்ததா என்று பார்க்க அந்தப் பட்டியல் இல்லை. அதன் மேல்தான் நான் எழுதிவிட்டேனே.

கூட்டம் வீடியோவில் நடந்தது. பெங்களூர் மேலாளர் நேராகக் கேட்டார்.

“ரெண்டாவது ஸ்டார்ட் யாரோடது? லாகின் செல்வமணின்னு இருக்கு.”

“அந்த லாகின்ல ரெண்டு பேரு இருந்தாங்க சார். தப்பு, நான்தான் அனுமதிச்சேன்” என்றார் ஜமீலா மேடம்.

“நல்லம்மாள், நீங்க ரெண்டு தடவை அழுத்துனீங்களா?”

“தெரியலீங்க சார்” என்றேன்.

“செல்வமணி?”

“நான் அழுத்தலீங்க சார். கண்டிப்பா இல்ல.”

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதே அவருக்கு எதிராகப் போயிற்று. என் ‘தெரியலீங்க’ நேர்மையாகவும், அவருடைய ‘கண்டிப்பா இல்ல’ பயமாகவும் அங்கே கேட்டிருக்க வேண்டும். அறிக்கையில் செல்வமணி பெயரைப் போடச் சொன்னார்கள். மேடம் மறுத்துவிட்டார். ‘காரணம் உறுதியாகவில்லை. இரண்டு வாய்ப்புகள் உள்ளன’ என்று எழுதி, எண் பட்டியல் விஷயத்தையும் விரிவாகச் சேர்த்து, தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். அப்படி ஓர் அறிக்கையை யாரும் விரும்பவில்லை. அடுத்த பெரிய வேலைக்கு மேடத்துக்குப் பதில் வேறு ஒருவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். செல்வமணியை எங்கள் குழுவிலிருந்து எடுத்து, புகார் போன்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. செய்து என்ன சொல்வது? நான்தான் என்றா? தெரியாததை எப்படி ஒப்புக்கொள்வது? நீதான் என்றா? அதுவும் தெரியாது. அவர் வேலையை விட்ட வாரம்தான் பில்ட் மெஷினில் அந்தக் குறிப்பை எழுதினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

அந்தப் பெண்களின் செய்தி வந்த பிறகு, போன வாரம், உறவினர் வீட்டு விசேஷத்துக்காக எங்கள் மலையிலேயே உள்ள வாசலூர்பட்டிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரமிருந்தது. படகு இல்லத்துப் பக்கம் நடந்தேன். டிக்கெட் வரிசையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். செல்வமணி. கொஞ்சம் குண்டாகியிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். “நல்லா இருக்கீங்களாங்க்கா?”

“இருக்கறன் தம்பி. நீ?”

ஈரோட்டில் ஒரு ஜவுளி கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். சம்பளம் பரவாயில்லையாம். மலையில் இவ்வளவு குளிரும் என்று எதிர்பார்க்கவில்லையாம். நான் ஆரம்பித்தேன்.

“அன்னைக்கு ஞாயித்துக்கெழம…”

“அதை உடுங்க்கா.”

“இல்ல தம்பி. நான் ரெண்டாவது தடவை அழுத்தியிருக்கலாம். எண் பட்டியல்லயும் தப்பு உட்டிருக்கலாம். எனக்கு நெசமாவே தெரியல. பொய் சொல்லல.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு வருசம் நான் அதைப் பொய்யின்னுதாங்க்கா நெனச்சேன். ‘தெரியல’ன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டீங்கன்னு கோவம். அப்பறம் ஈரோட்டுல ஒரு நாளு, பக்கம் இதே மாதிரி தொங்கி நின்னுச்சு. என்னோட கை தானா மறுபடி பொத்தானை அழுத்துச்சு. அழுத்துனது அழுத்துன பின்னாலதான் தெரிஞ்சுது. கண்டிப்பா இல்லைன்னு சொன்னன் பாருங்க, அது எனக்கும் தெரியாதுங்க்கா. பயத்துல சொன்னது.”

இத்தனை நாள் ஒருவருக்கு அநியாயம் செய்துவிட்டோமோ என்று சுமந்ததை இறக்கி வைக்கலாமா, கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. இருவரில் ஒருவர் அழுத்தியிருக்கிறோம். அல்லது என் முதல் அழுத்தலையே அந்த மழை நெட்வொர்க் இரண்டு முறை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். அப்படியும் நடக்கும் என்று செல்வமணிதான் சொன்னார். எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

வரிசை நகர்ந்தது. அவர் மனைவி கை காட்டிக் கூப்பிட்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“ஒண்ணு மட்டும் கேக்கட்டுமாங்க்கா? அன்னைக்கு நீங்கதான்னு உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சிருந்தா, அந்த மீட்டிங்ல சொல்லியிருப்பீங்களா?”

சொல்லியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. மாமியாருக்கு மருந்துச் செலவு. மலையிலிருந்தே வேலை செய்ய எனக்கு மட்டும் கிடைத்திருந்த அனுமதி. அந்த நல்லம்மாள் என்ன செய்திருப்பாள்?

“தெரியலப்பா” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க, நீங்களும் படகுல ஏறுங்க. நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தரலாம்” என்றார். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனாலும் ஏறினேன்.